பேசாத பிள்ளையின் யோசனை

கூடிச் சிந்தித்தால் கருத்துகள் பெருகும் என்பது நம்மிடையே ஊறிய எண்ணம். அமெரிக்க விளம்பரத் துறையினரான அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1953இல் வெளியிட்ட நூலில் அதற்கு நெறிகளையும் வகுத்துரைத்தார்: எக்கருத்தையும் உடனே குறை கூறலாகாது, எண்ணிக்கை பெருகட்டும், பிறர் கருத்தின்மீது தம் கருத்தை எழுப்பலாம். பள்ளிகளும் இம்முறையை ஏற்றன. ஆயினும் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நால்வர் கூடிப் பேசியதைவிட, நால்வர் தனித்தனியே எண்ணியவற்றைத் தொகுத்ததில்தான் கருத்துகள் மிகுந்திருந்தன. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார். அதற்குள் அவர் எண்ணம் நழுவிவிடுகிறது என்று 1987இல் வேறிரு ஆய்வாளர் காரணம் காட்டினர். மறையுரை மேடையில் நின்று பழகிய நமக்கு இது சற்று உறுத்தும் செய்திதான்!

நம் பங்குப் பள்ளியில், நண்பகலில் குடிநீர்க் குழாயடியில் நேரும் நெரிசலுக்கு வழி காணுமாறு ஆறாம் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளைக் கேட்டார். குழுக்களாக அமர்ந்ததும் உரத்த குரல்கள் இரண்டு மூன்று வகுப்பையே ஆண்டன: இன்னொரு குழாய் வேண்டும், வரிசையைக் கவனிக்க ஒரு தலைவன் வேண்டும். பின்னர் அவர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஐந்து நிமிடம் வாய் திறவாமல் எழுதப் பணித்தார். கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி எழுதியிருந்தாள்: "ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழாய் எட்டவில்லை. யாராவது திறந்துவிடும்வரை நிற்கிறார்கள்."

வடிவமைப்புச் சிந்தனை என்று இன்று பேசப்படுவதன் முதற்படி, பயன்படுத்துவோர் நிலையில் நின்று பார்ப்பது. அச்சிறுமிக்கு அதை எவரும் கற்பிக்கவில்லை. தம்பியை நாள்தோறும் கைப்பிடித்து அழைத்து வருபவள் அவள்.

கொத்தனாரை வரவழைத்துக் குழாயடியில் அரையடி உயரப் படியொன்று கட்டச் செய்தோம். இன்னொரு குழாய்க்கான விண்ணப்பம் அலமாரியில் இருக்கிறது.