கதவுக்கு இப்புறமும் அப்புறமும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பர் பெரியோர். எங்கள் தலைமகள் பிறந்த இரவில்தான் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் அச்சொல்லின் பொருளை உணர்ந்தோம். எங்களுள் ஒருவர் பிரசவ அறைக்குள்ளே. மற்றவர் கதவுக்கு வெளியே, கையில் செபமாலையுடன்.

வலி கண்டு இருபது மணி நேரம் கழிந்தும் குழந்தை வரவில்லை. முடிவில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பிறந்த மகவு அழவில்லை. அருகிருந்த செவிலியர், உயிருக்கு ஆபத்தெனக் கண்டு, அதன் தலையில் நீர் வார்த்து, மூவொரு இறைவனின் பெயரால் திருமுழுக்களித்தார். ஆபத்து வேளையில், திருச்சபையின் கருத்துப்படி செய்யும் எண்ணமுள்ள எவரும் இதைச் செய்யலாம் அன்றோ! சில நிமிடங்களில் குழந்தை அழுதது.

ஆனால் தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. கருப்பை சுருங்காமையே காரணம் என்றார் மருத்துவர். பங்கு இளைஞர் இருவர் நள்ளிரவில் வந்து குருதி அளித்தனர். எங்கள் இல்லத்து விளக்கு அணையாமல் நின்றது.

உற்றார் நன்றித் திருப்பலிக்கு நாள் குறித்தனர். தாயின் உள்ளமோ இருண்டிருந்தது. குழந்தை உறங்கினாலும் அவளுக்கு உறக்கமில்லை, காரணமற்ற கண்ணீர், பிள்ளையை ஏந்தினால் பாசத்திற்குப் பதில் அச்சமே எழுந்தது. ‘இறைவன் இரு உயிர்களைக் காத்தும் நன்றியற்றவளானேனே’ என்ற எண்ணம் வேறு வாட்டியது. ‘செபித்தால் சரியாகும்’ என்றனர் வீட்டார். கணவரும் அதையே சொன்னார். அதனை இன்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நாற்பத்தைந்தாம் நாள், ஒப்புரவு அருட்சாதனத்தில் அவள் இதைப் பாவமென்று அறிக்கையிட்டாள். “இது பாவமன்று, அம்மா, நோய். செபத்தை விடாதீர்கள், மருத்துவரையும் பாருங்கள்” என்றார் பங்குத் தந்தை. பேற்றுக்குப் பின் முதல் நாள்களில் வரும் மனச்சோர்வு இரு வாரங்களுக்குள் தானே நீங்கும் என்றும், அதற்கு மேலும் நீடித்தால் சிகிச்சை வேண்டும் என்றும், பாலூட்டும் தாய்மார்க்கேற்ற மருந்துகளும் உண்டு என்றும் மருத்துவர் விளக்கினார். குணமடையப் பல மாதங்கள் ஆயின. ஒருநாள் குழந்தை சிரித்தபோது தாயும் சிரித்தாள். அன்றே எங்களுக்குப் பாஸ்கா.

புனித ஜான்னா பெரெத்தா மொல்லா 1962 ஏப்ரல் 21-இல் பெண் மகவை ஈன்று, ஒரு வாரத்தில் உயிர்நீத்தார். 2004-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அம்மகளும் உரோமையில் இருந்தார். இப்புனிதை ஒரு மருத்துவர் என்பதை நாங்கள் மறப்பதில்லை. செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பின்னர் ஆலயத்தில் எஞ்சிய சடங்குகள் நடந்தபோது, குருவானவர் மீண்டும் நீர் வார்க்கவில்லை. அந்த இரவில் செவிலியர் வார்த்த நீரே நிலைத்துவிட்டது. கிறிஸ்மா தைலம் பூசி, வெண்ணாடை அணிவித்து, எரியும் திரியை எங்கள் கையில் கொடுத்தார்.

அன்புக் குடும்பத்தாரே, உங்கள் இல்லத்தில் பச்சை உடம்புக்காரி ஒருத்தி அழுதால், அவளை நன்றி கெட்டவள் என்னாதீர்கள். பிள்ளையைச் சற்று நேரம் வாங்கிக்கொண்டு, அவள் சொல்வதைக் கேளுங்கள். அதுவும் ஒரு செபமே.