பம்பரில் படிந்த மெழுகு

கார்த்திகை மாதத்தின் மூன்று மாலைகளை ஒரு பழைய காரின் பம்பரைத் தேய்ப்பதில் கழித்தேன். கவிதை, நாவல், விமர்சனம் என்று நண்பர்கள் எழுதிவரும் இந்த இடத்தில் பம்பரைப் பற்றி எழுதச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் அதுவே முன்னால் வந்து நிற்கிறது. எழுதித் தீர்த்துவிடுவது நல்லது.

கார் என் தந்தையாருடையது. 2001இல் பதிவான வெள்ளை நிற மாருதி 800. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, 2004இல் அதை முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினார். மேலூரிலிருந்து மதுரைக்குக்கூட அவர் அதை அதிகம் ஓட்டியதில்லை. அழகர்கோயில், திருவாதவூர், உறவினர் வீட்டு விசேஷங்கள், அவ்வளவுதான். மற்ற நாள்களில் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கும். நான் பேருந்தில் கல்லூரிக்குப் போய் வருகிறவன்.

அப்பா மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கெடு 2026 மார்ச்சில் வந்தது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். வண்டியின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு அது. விற்றுவிடலாம் என்று தங்கை சொன்னாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. அம்மா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

விற்கும் பொருளை அலங்கரித்து நிறுத்த வேண்டும் என்ற அறிவு எனக்கும் உண்டு. முந்தைய வாரம் மதுரையில் ஒரு டப்பா வாக்ஸ் பாலிஷ் வாங்கி வந்தேன். வியாழக்கிழமை கல்லூரி விடுமுறை. காலை பதினொரு மணி வெயிலில் வண்டியை நிறுத்தி, பனியன் வேஸ்ட்டால் பானட்டிலிருந்து பின்கதவு வரை தாராளமாகப் பூசினேன். இரண்டு பிழைகளை ஒரே நேரத்தில் செய்திருக்கிறேன் என்பது அப்போது தெரியாது. சுடுகின்ற தகட்டில் பாலிஷ் பூசக் கூடாது. கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகளை டேப் ஒட்டி மறைக்காமலும் பூசக் கூடாது. பெயின்ட் பளபளத்தது உண்மை. முன்பம்பரும் பக்கவாட்டுப் பீடிங்கும் மட்டும் சுண்ணாம்புக் கையை வைத்துத் துடைத்ததுபோல் வெள்ளைத் திட்டுகளாக நின்றன. ஈரத்துணியால் துடைத்தேன். மறைந்தன. காய்ந்ததும் மீண்டும் வந்தன.

ஏன் அப்படி ஆகிறது என்று பிறகு படித்துப் பார்த்தேன். காரணம் எளிது. பாலிஷ் என்பது வெறும் மெழுகன்று. மெழுகு, எண்ணெய், மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான், மிக நுண்ணிய தேய்ப்புப் பொடி எல்லாம் சேர்ந்த குழம்பு. கரைப்பான் ஆவியானதும் மெழுகும் பொடியும் வெண்மையாகத் தங்கும். பெயின்ட் வழுவழுப்பானது, துணி அதைத் துடைத்தெடுத்துவிடும். பம்பரோ தோலைப் போல மேடும் பள்ளமுமாக வார்க்கப்பட்ட பாலிபுரப்பிலீன். துணி மேடுகளின் மேலேயே நடந்து போகிறது, பள்ளத்துக்குள் இறங்குவதில்லை. இந்த மெழுகுகளில் பேர்போனது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் கர்னாபா என்ற பனையின் ஓலையில் படிவது. வறண்ட காற்றில் நீரிழக்காமலிருக்க அந்த மரம் தனக்குத்தானே பூசிக்கொள்ளும் காப்பு. நம் பனைக்கு ஒன்றுவிட்ட உறவு. அது உருக 80 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். நான் ஊற்றிய வெந்நீர் அதை அசைக்காததில் வியப்பில்லை.

"தேங்காய் எண்ணெயத் தொட்டுத் துடைப்பா, உங்கப்பா அப்படித்தான் செய்வாரு" என்றார் அம்மா. துடைத்தேன். அடடா, என்ன கறுப்பு! புது வண்டிபோல் இருந்தது. இணையத்திலும் இதே வைத்தியத்தைச் சொல்கிறார்கள். அங்கே நிலக்கடலை வெண்ணெய், அதாவது பீனட் பட்டர். அதிலுள்ள எண்ணெய் மெழுகை இளக்கும், கடலைத் துகள் அதைச் சுரண்டும் என்பது கணக்கு. நான் பூசியதில் எண்ணெய் மட்டுமே இருந்தது, சுரண்ட ஒன்றுமில்லை. மறுநாள் காலைக்குள் தெருப் புழுதி முழுவதும் பம்பரில் வந்து ஒட்டியிருந்தது. சோப்பு போட்டுக் கழுவினால் எண்ணெய் போய், வெள்ளை அப்படியே இருந்தது. எண்ணெய் மெழுகை எடுக்கவில்லை. அதை நம் கண்ணிலிருந்து ஒளித்துவைத்திருந்தது, அவ்வளவே.

வெள்ளிக்கிழமை மாலை எதிர்வீட்டு அண்ணன் திண்ணையில் அமர்ந்து என் படாத பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரானைட் பாலிஷ் பட்டறையில் பல்லாண்டு வேலை பார்த்தவர். 2012இல் இப்பகுதிக் குவாரிகள் மூடப்பட்டபின் அந்தப் பிழைப்புப் போய், இப்போது ஆடு வளர்க்கிறார். கருங்கல்லை முகம் பார்க்கும் கண்ணாடியாக்கிய கைகள் அவருடையவை.

"சாரு, துணியால தேய்க்கத் தேய்க்க உள்ளதான் அமுக்குறீங்க. பொடி குழிக்குள்ள ஒக்காந்துருக்கு. குழிக்குள்ள போற சாமானா எடுங்க."

"குழிக்குள்ள போறதுன்னா என்னண்ணே?"

"பல்லு வெளக்குற பிரஷ்ஷு. அதுக்கும் மசியலைன்னா பிள்ளைக பென்சில் அழிக்கிற ரப்பரு."

கேட்டதும் சிரித்துவிட்டேன். ஆனால் வேலை செய்தது அதுதான். முதலில் வெதுவெதுப்பான சோப்பு நீரைத் தோய்த்துப் பழைய டூத் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தேன். பாதி போயிற்று. நன்றாகக் காயவிட்டு, சனிக்கிழமை ஐந்து ரூபாய் வெள்ளை ரப்பரால் அழிக்கத் தொடங்கினேன். ஈரத்தில் ரப்பர் வழுக்குமே தவிரப் பிடிக்காது. உலர்ந்த பரப்பில் தேய்த்தால் இளகி நெகிழ்ந்து, பள்ளத்தின் அடிவரை இறங்கி, மெழுகையும் பொடியையும் தன் துகள்களோடு சுருட்டி எடுத்து வருகிறது. ஒரு சாண் நீளத்துக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆண்டுகளாக மாணவர் கட்டுரைகளில் சிவப்பு மையால் சுழித்துவந்தவனுக்கு, குந்தியிருந்து எதையோ அழித்துக்கொண்டிருப்பது பொருத்தமான தண்டனையாகத் தோன்றியது.

அப்படிக் குந்தியிருந்த நேரத்தில் மெழுகு என்ற சொல்லைப் பற்றி யோசித்தேன். தொழில் பழக்கம், விடாது. பெயராக நின்றால் தேன்கூட்டில் கிடைக்கும் பொருள். வினையாக நின்றால் சாணமிட்டுத் தரையைப் பூசித் துப்புரவாக்கும் செயல். ஒன்று படிவது, மற்றொன்று தூய்மை செய்வது. புறநானூற்றின் 249ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி, அவனுக்குப் படைப்பதற்காகச் சுளகளவு சிறிய இடத்தைச் சாணத்தால் மெழுகுகிறாள். அவள் பயன்படுத்தும் நீர் அவளுடைய கண்ணீர். தும்பி சேர்கீரனார் பாடியது. ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற பாட்டு. அதில் துயரத்தின் பரப்பளவு ஒரு முறத்தளவுக்குச் சுருங்கியிருப்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவேன். திண்ணையில் அம்மா அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அன்று அந்த நினைவு தொடரவில்லை. நானே வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

திரும்பிய பக்கம் மாங்குளம் மலை. மேலூருக்கு அருகே மீனாட்சிபுரத்தையொட்டிய அந்தக் குன்றின் சமணர் படுக்கைகளில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தவை. நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கியவை. ஒருமுறை மாணவர்களோடு சென்றபோது, படமெடுக்க வசதியாக யாரோ எழுத்தின் பள்ளங்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டிருந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. தேய்த்தவரின் கை போன வழியும் அதில் தெரிந்தது. எது உளியின் கோடு, எது சுண்ணத்தின் கோடு என்று பிரிக்க முடியவில்லை. பம்பரிலும் வெள்ளை படிந்த பிறகே அதன் ஒவ்வொரு வரியையும் பார்த்தேன். அதுவரை அங்கே வரிகள் இருந்ததாகவே எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை இருட்டும்போது இடது முன்மூலை மட்டும் மிச்சம். அங்கே ரப்பர் தோற்றது. வெள்ளையை எடுக்காமல் கறுப்பாக இழுசியது. பெயின்ட் கடையில் வாங்கிய டர்பண்டைனைத் துணியின் நுனியில் சிறிது தொட்டுத் துடைத்தேன். (பெயின்ட்டில் படாமல் துடைக்க வேண்டும். துடைத்த உடனே சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும். தின்னர் பக்கமே போகக் கூடாது.) துணி கன்னங்கரேலென்று ஆயிற்று. பிளாஸ்டிக்கின் நிறமே கரைந்து வருகிறது என்று பதறிப்போனேன்.

பதற்றம் தணிந்ததும்தான் புத்தி வேலை செய்தது. பம்பரின் கறுப்பு மேலே பூசப்பட்டதன்று. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்காக, கரித்தூளைப் பிளாஸ்டிக்கோடு கலந்தே வார்க்கிறார்கள். அது துணியோடு வராது. அப்படியானால் வந்தது என்ன? இன்னும் கொஞ்சம் துடைத்தேன். கறுப்பு போகப் போக, அடியில் நான்கு விரல் அகலத்துக்குச் சிராய்ப்புகள் தெரிந்தன. ஆழமானவை. கல்லில் உரசிய தடம். நடுவில் ஒரு மெல்லிய விரிசல்.

அது எனக்குத் தெரிந்த கல். 2004இல், வண்டி வாங்கிய இரண்டாம் மாதம், ஓட்டப் பழகுகிறேன் என்று பெரியாறு வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நான் கொண்டுபோய் இடித்தேன். அப்போது எனக்கு நிரந்தர வேலை இல்லை. வீட்டில் அதைப் பற்றிய பேச்சு நாள்தோறும் நடந்துகொண்டிருந்த காலம். அப்பா இறங்கிப் போய் முன்பக்கத்தைப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலை, ஏறு" என்றார். திரும்பும்போது அவரே ஓட்டினார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நான் பார்த்தபோது உண்மையாகவே ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதன்பின் நான் அந்த வண்டியின் ஸ்டீயரிங்கைத் தொட்டது சில முறைதான் என்பது வேறு கதை.

டாஷ்போர்டைத் திறந்தேன். காப்பீட்டுத் தாள்கள், அழகர்கோயில் திருநீற்றுப் பொட்டலம் (இராக்காயி அம்மன் சன்னதியில் வாங்கியதாக இருக்கும்), ஒரு மஞ்சள் துணி, அதற்கடியில் கறுப்பு ஷூ பாலிஷ் டப்பா. அந்த டப்பாவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்பா வாழ்நாளில் ஷூ அணிந்தவரல்லர். ரப்பர் செருப்பு, விசேஷங்களுக்குத் தோல் செருப்பு. அந்த டப்பா அங்கே எதற்கு என்று இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஷூ பாலிஷும் மெழுகுதான். கரியைச் சுமந்த மெழுகு. மழையிலும் கழுவலிலும் அது கரையக் கரைய மீண்டும் பூசியிருக்க வேண்டும்.

கையில் டப்பாவோடு அம்மாவிடம் போனேன். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"வெள்ளிக்கெழமை வண்டி கழுவுவாருல்ல, அப்பப் போடுவாரு. நான் கேட்டப்ப, அவன் கண்ணுல பட்டா வண்டியத் தொடமாட்டான்னாரு."

"பம்பரை மாத்தியிருக்கலாமேம்மா."

"மாத்துனா ஒனக்குத் தெரிஞ்சு போகுமே."

அன்றிரவு அந்த மூலையை மறுபடி பூசி மறைத்துவிடலாமா என்ற எண்ணம் எழாமல் இல்லை. டப்பாவில் பாலிஷ் வறண்டு வெடித்திருந்தாலும் ஓரத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தது. வாங்க வருகிறவர் கண்ணில் படாது. விலை குறையாது. அப்பா பூசியதற்கும் நான் பூசுவதற்கும் இருக்கும் வேறுபாட்டைக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, டப்பாவை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். இன்ஜினைக் கேட்டார், டயரை உதைத்துப் பார்த்தார், அடியில் துரு இருக்கிறதா என்று குனிந்தார். மூன்று நாள் உழைத்த பம்பரை அவர் பார்க்கவேயில்லை. நானே மூலையைக் காட்டினேன்.

"இங்க ஒரு விரிசல் இருக்கு தம்பி. பழசு. நான் இடிச்சது."

"அதெல்லாம் பரவால்லைங்க சார்" என்றார். ஆனால் பேசிய 40,000இல் 2,000 குறைத்துக்கொண்டார். நான் பேரம் பேசவில்லை. பம்பரில் எதையாவது பூச வேண்டுமா என்று கேட்டார். மெழுகு பாலிஷ் பக்கமே கொண்டுபோகாதீர்கள், போடுவதானால் டேப் ஒட்டிவிட்டுப் போடுங்கள் என்று அனுபவசாலியின் தோரணையில் சொன்னேன்.

வண்டியைக் கிளப்பும் நேரத்தில் அம்மா உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தார். அந்தப் பெண்ணிடம் கொடுப்பார் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் வரை போனவர், குழந்தையின் கையில் ஐம்பது ரூபாயை வைத்துவிட்டு, டப்பாவை முந்தானைக்குள்ளேயே பிடித்தபடி திரும்பி வந்தார். இப்போது அது சமையலறை மாடத்தில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.