இரண்டு வடிகட்டிகள்

என் தந்தையார் பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடை வைத்திருக்கிறார். ஆகவே வடிகட்டி எனக்குப் புதிதன்று. ஆனால் சென்ற ஜனவரியில் என் கைக்கு வந்த இரண்டு வடிகட்டிகள் தேயிலைத் தூளை வடிப்பவை அல்ல, ஒளியை வடிப்பவை!

எங்கள் இயற்பியல் துறையில் 80 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்றும் வண்ணக் காமிரா ஒன்றும் உண்டு. விடுதி மொட்டை மாடியில் அவற்றை வைத்து நெபுலா என்னும் விண்முகில்களைப் படமெடுக்க முயன்றால் ஊர் வெளிச்சமே படத்தை நிறைத்துவிடும். சோடியம் விளக்குகள் எரிந்த நாளில் அவற்றின் மஞ்சளைத் தடுத்தாலே பெருந்தொல்லை குறைந்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்குகளோ எல்லா நிறங்களையும் வாரி இறைக்கின்றன.

விண்முகிலின் வாயு அப்படியல்ல. குறிப்பிட்ட சில நிறங்களிலேயே மிகுதியாக ஒளிர்கிறது. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் நிறமாலைமானி வழியே ஒரு விண்முகிலை நோக்கியபோது தனித்தனிக் கோடுகளையே கண்டார். அவற்றில் பச்சைக் கோட்டுக்குக் காரணம் புரியாமல் 'நெபுலியம்' என்றொரு புதுத் தனிமத்தையே கற்பித்துக்கொண்டார்கள். அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன் என்று 1927இல் ஐரா போவன் விளக்கினார். அந்த ஆக்ஸிஜன் 500.7 நானோமீட்டரிலும், ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரிலும் ஒளிர்கின்றன. இரட்டைப் பட்டை வடிகட்டி இந்த இரு வாயில்களை மட்டும் திறந்து மற்றவற்றை அடைக்கிறது. ஹைட்ரஜனின் ஒளி காமிராவின் சிவப்புப் புள்ளிகளிலும், ஆக்ஸிஜனின் ஒளி பச்சை, நீலப் புள்ளிகளிலும் பதியும்.

முன்னாள் மாணவர் ஒருவர் ஆப்டோலாங் எல்-எக்ஸ்ட்ரீம், எல்-அல்டிமேட் என்ற இரண்டையும் இரவல் தந்தார். முன்னதன் வாயில் 7 நானோமீட்டர் அகலம். பின்னதன் வாயில் 3. விலை பின்னதற்கே அதிகம்.

"எது நமக்கு ஏற்றது என்று சோதித்து எழுதிக் கொடு. துறைக்கு வாங்குவோம்" என்றார் பேராசிரியர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் எழுத்தை நம்பிக் கல்லூரி பணம் செலவிடப் போகிறது! அன்றிரவு எனக்கு உறக்கமே இல்லை.

நிலவற்ற ஓர் இரவில் 7 நானோமீட்டர் வடிகட்டியால் ரோஸெட் விண்முகிலை எடுத்தேன். பத்து நாள் கழித்து மற்றதால் எடுத்தேன். இரு படங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. 'விலை குறைந்ததே போதும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஊருக்குப் போய் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை நிறுத்தி அவர் கேட்டார்: "ரெண்டு வடிகட்டியையும் ஒரே கொதியிலயா தம்பி பாத்தே?"

திகைத்துப் போனேன். இரண்டாவது படம் எடுத்தது முழுநிலவு இரவில்! அதுவும் ஜனவரி முழுநிலவு ரோஸெட்டுக்கு அதிகத் தொலைவில் இருப்பதில்லை. நிலவொளியில் நனைந்த வானத்திலும், இருண்ட வானத்துக்கு நிகரான படத்தைத் தந்த வடிகட்டியை 'வேறுபாடில்லை' என்று தள்ளிவிட்டேனே!

திங்களன்று காலை துறை வாசலில் காத்திருந்தேன். "ஐயா, என் அறிக்கை தவறு" என்று சொல்வதற்குள் நா வறண்டுவிட்டது. அவர் கோபிக்கவில்லை. தாளைத் திருப்பித் தந்து, "மறுபடி எடு" என்றார்.

பிப்ரவரியில் அரைநிலவு இரவொன்றில், பத்துப் பத்துப் படங்களாக வடிகட்டியை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் குவியத்தைச் சரிபார்த்து எடுத்தேன். ஒவ்வொரு படமும் 2 நிமிடம். வடிகட்டிக்கு 60 படங்கள். 3 நானோமீட்டர் வடிகட்டியில் வானம் தெளிவாகவே கறுத்தது. ரோஸெட்டின் நடுவில் ஆக்ஸிஜனின் நீலப்பச்சை தெரிந்தது. குறையும் உண்டு. விண்மீன்கள் மங்கின. பின்புலம் கறுத்துவிட்டதால் காமிராவின் சொந்த இரைச்சல் துருத்தித் தெரிந்தது. அதை அடக்க ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் வேண்டும். எங்கள் பழைய தாங்கியோ 3 நிமிடத்துக்கு மேல் விண்மீனைச் சரியாகப் பின்தொடராது.

எல்லாவற்றையும் எழுதினேன். ஊர் நடுவே, நிலவு நாளிலும் படமெடுக்கும் நமக்கு 3. இருண்ட சிற்றூரில் எடுப்பவருக்கு 7 போதும். கார்த்திகை விண்மீன்களைச் சூழ்ந்த தூசுமுகிலுக்கும் ஆண்ட்ரோமீடாவுக்கும் இரண்டுமே ஆகா. அவற்றின் ஒளியில் எல்லா நிறங்களும் கலந்துள்ளன.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். அந்தச் சிவந்த வளையத்தை வெகுநேரம் பார்த்தவர், "இப்ப ஒரே கொதிதானே?" என்றார்.

"ஆமாம்ப்பா" என்றேன்.