கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு சால்வை

நேத்து இத்தலார்ல இருந்து காலை பஸ்ல ஊட்டிக்குப் போனோம்.
கோயம்புத்தூர்ல இருந்து வந்த சித்தி பொண்ணுக்கு ஸ்டீபன் சர்ச் பார்க்கணும்.
கையில்லாத டாப், மெல்லிசு செருப்பு.
சர்ச் வாசல்லயே நடுங்கிட்டா.

அம்மா தன் சால்வையைக் கழட்டி அவ மேல போர்த்திவிட்டாங்க.
குளிருக்கும் ஆச்சு, மரியாதைக்கும் ஆச்சு.

1829ல அடிக்கல் நாட்டின கோயில் அது.
மேல இருக்கிற பெரிய உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனையில இருந்து வந்த மரம்.
பின்னால மேட்டுல கல்லறைத் தோட்டம்.
ஊட்டியை உருவாக்கின ஜான் சல்லிவனோட மனைவியும் மகளும் அங்கதான் இருக்காங்க. ரெண்டு பேரும் 1838ல போனவங்க.

அந்தக் கல்லு முன்னால நின்னப்போ, அவ சால்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டா.
யாரும் சொல்லல.

வர்றவங்களுக்குச் சொல்றேன்:
தோளும் முட்டியும் மூடுற துணி.
ஒரு ஸ்வெட்டர், ஒரு குடை.
ஈரப் புல்லுல வழுக்காத செருப்பு.
தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில். நீலகிரியில பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.
போனை சைலண்ட்ல போடுங்க.
ஞாயிறு காலையில ஆராதனை நடக்கும். அப்ப போட்டோ வேண்டாம்.

அது சுற்றுலா இடம் மட்டும் இல்லைங்க.
இன்னைக்கும் ஜனங்க முழங்கால் போட்டு ஜெபிக்கிற இடம்.
நம்ம வீட்டு சாமி ரூமுக்குப் போற மாதிரி போங்க.