தளர்ந்த ஸ்டியரிங்

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அமிர்தி. அருவியையும், 1967ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற விலங்கியல் பூங்காவையும் காண மக்கள் அங்கு வருவதுண்டு. அவ்வூரையடுத்து எங்களுக்குச் சிறியதொரு மாந்தோப்பு உண்டு. மழைக்குப்பின் இடுப்பளவு புல் மண்டிவிடும். பாம்புக்கு அஞ்சி உள்ளே கால்வைக்க இயலாது. ஆதலின், உறவினர் ஒருவரின் டிராக்டரை இரவல் பெற்று, புல் வெட்டும் கருவியைப் பின்னே பூட்டித் தோப்பைச் சீர்செய்வது எங்கள் வழக்கம்.

சென்ற ஆண்டு அப்பணியை ஏற்றவன் எங்கள் தமக்கையின் மகன். முதல் நாள் மாலையே, "மாமா, ஸ்டியரிங் ஆடுகிறது" என்றான். "பழைய வண்டி அப்படித்தான் ஆடும். நாளை மாலைக்குள் திருப்பித் தரவேண்டும்; வேலையை முடித்துவிடு" என்றோம்.

மறுநாள், ஓடைக்கரைச் சரிவில் வண்டியைத் திருப்பினான். ஸ்டியரிங் அவன் கையில் வெறுமனே சுழன்றது, முன்சக்கரங்கள் திரும்பவில்லை. வண்டி ஓடையை நோக்கி இறங்கிற்று. வேகம் குறைவாயிருந்தமையால் பிரேக்கை மிதித்து, விளிம்புக்கு நான்கு முழம் முன்னே நிறுத்திவிட்டான். இறங்கி வந்தவன் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் எங்களைச் சுட்டது.

பழுதுபார்க்க வந்த முதிய மெக்கானிக், ஸ்டியரிங் தண்டின் உச்சியிலுள்ள நட்டு தளர்ந்து, பற்கள் தேய்ந்திருப்பதைக் காட்டினார். "ஐயா, இது ஒரே நாளில் வந்த கோளாறு அல்ல. நட்டை இறுக்கினால் மட்டும் போதாது, தேய்ந்ததை மாற்றவேண்டும்" என்றார்.

சோதிக்கும் முறையையும் அவரே கற்பித்தார். சமதரையில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, முன்சக்கரங்களை நேராக வைக்கவேண்டும். ஸ்டியரிங்கை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பார்க்கவேண்டும். ஆடினால் வண்டியை எடுக்கலாகாது. பின்னர் இடமும் வலமும் மெல்லத் திருப்ப, மற்றொருவர் முன்சக்கரங்களையும் அவற்றை இணைக்கும் தண்டுகளின் மூட்டுகளையும் கவனிக்கவேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங்காயின், வண்டியின் கையேடு கூறும் முறையைப் பின்பற்றவேண்டும்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டியரிங்கின் வெற்றாட்டம் 30 பாகையை மீறலாகாது என்கிறது. கடிகார முகத்தில் 12க்கும் 1க்கும் உள்ள இடைவெளியே அது. சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

திருவிழா நெருங்குகையில் கோயில் வளாகத்திலும் பள்ளி மைதானத்திலும் இத்தகைய வண்டிகளை ஓட்டுவோர் பெரும்பாலும் நம் வீட்டு இளைஞரே. அவர்களுள் ஒருவன் "ஆடுகிறது" என்று சொன்னால், வேலை ஒருநாள் தள்ளிப்போகட்டும். நாங்கள் அன்று அவனுக்குச் சொல்லியிருக்கவேண்டிய விடை அதுவே.