கடற்பாலம் கடந்து கற்ற பாடம்



2024-ஆம் ஆண்டில் நம் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் 18 பேர், சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றுக்குப் பண்பாட்டுப் பரிமாற்றப் பயணம் மேற்கொண்டனர். ஆசிரியர் மூவருடன் நாமும் உடன் சென்றோம்.

கடப்பிதழுக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் பெற்றோர் பட்ட பாட்டை நாம் அறிவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் மூன்று மாதங்கள் பழைய தாள்களையும் தகர டின்களையும் சேகரித்து விற்றனர். செம்பனைக் குலை வெட்டும் அன்பர்கள் தம் மிகுநேர ஊதியத்திலிருந்து இயன்றதை ஈந்தனர். அவர்களுக்கு நாம் என்றும் கடப்பாடுடையோம்.

1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உடையது. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். அங்குக் கிடைத்த நாணயத்தில் 'சிங்கப்பூர்' எனத் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கக் கண்டு, அதனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து மகிழ்ந்தனர். அந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதை அந்த ஒரு காசு உணர்த்தியதுபோல் நம் பாடங்கள் உணர்த்தியதில்லை.

பள்ளிக்குள் நுழைந்ததும் நம் பிள்ளைகள் கூசி ஒதுங்கினர். உயர்ந்த மாடிக் கட்டடமும் சரளமான ஆங்கிலப் பேச்சும் அவர்களை வாயடைக்கச் செய்தன. மண்டபத்தில் நம் உறுமி மேளம் முழங்கியபின் அக்கூச்சம் சற்றே தணிந்தது. எனினும் உண்மையான மாற்றம் வகுப்பறையில்தான் நிகழ்ந்தது.

அங்கே கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. தமிழ் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அந்நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக விளங்கிய உமறுப் புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இந்நிலையில், குலை வெட்டுபவர் ஒருவரின் மகள் பலகையில் 2/3, 1/4 என எழுதினாள். "பகுதி எண்களைச் சமமாக்க வேண்டும். பன்னிரண்டில் எட்டு, பன்னிரண்டில் மூன்று, கூட்டினால் பன்னிரண்டில் பதினொன்று," என்று தமிழிலேயே விளக்கினாள். "கணக்கைக்கூடத் தமிழில் செய்வீர்களா?" என்று அப்பள்ளிப் பிள்ளைகள் வியந்து வினவினர். நம் பிள்ளைகள் நிமிர்ந்து அமர்ந்தனர். தமக்குக் குறையென்று எண்ணியிருந்ததே தம் செல்வம் என அன்று உணர்ந்தனர்.

நாம் பெற்று வந்ததும் உண்டு. அப்பிள்ளைகள் தமிழ்க் கதைநூல்களைப் படித்து, எழுந்து நின்று, தம் சொந்தக் கருத்தை அச்சமின்றி உரைத்தனர். நம் பிள்ளைகள் மனனம் செய்து ஒப்புவிப்பதில் வல்லவர்கள், கருத்துரைப்பதில் தயங்குகின்றனர். ஆதலின், திரும்பி வந்தபின் வாரச் சபைகூடல்தோறும் மாணவர் ஒருவர் தாம் படித்த நூலைப் பற்றிப் பேச ஏற்பாடு செய்தோம்.

பெற்றோர்களே! குடும்பங்கள் பல தோட்டத்தைவிட்டு நகருக்குப் பெயர்ந்தமையால் நம் பள்ளியில் இப்போது பயில்வோர் 43 மாணவரே. 'தமிழ்ப்பள்ளியில் படித்து என்ன பயன்?' என்ற கேள்வி தோட்டத்து வீடுகளிலும் எழுகின்றது. காசில் பொறித்த தமிழை ஓர் அரசு காக்கும். கணக்கிலும் அறிவியலிலும் வாழும் தமிழைக் காப்பவர்களோ, தம் பிள்ளையின் கையைப் பிடித்து இவ்வாசலுக்கு அழைத்து வரும் தாய் தந்தையரே. முதலாம் ஆண்டுக்குரிய வயதடைந்த உங்கள் செல்வங்களை நம் பள்ளியில் பதியுமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!