கல்லிலே மலர்ந்த நீலப்பூ

பூவைத் தேடிச் சோலைக்குச் செல்வோர் உண்டு. நாமோ பூவைத் தேடிக் கல்லுடைக்கும் குழிக்குச் சென்றோம். மராட்டிய நாட்டுப் புனே நகருக்கு வடகிழக்கே வாகோலி என்றோர் ஊர் இருக்கிறது. அவ்வூர்க் கற்குழிகளிற் கிடைத்த ‘கவன்சைற்று’ என்னும் அபூர்வமான நீலக் கனிப்பொருளைப் பற்றிப் படித்த நாள் முதலாக, அது பிறந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டுமென்னும் ஆவல் எம்மை விடவில்லை.

ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், தக்கணத்தில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. அது ஆறி இறுகிய கரும்பாறையே பசோல்ற்று. குழம்பிலிருந்த வாயுக் குமிழிகள் பாறையினுள்ளே சிறு அறைகளாக நின்றுவிட்டன. பின்னர் வெந்நீர் அவ்வறைகளுட் கசிந்து, தான் கரைத்து வந்த பொருள்களைச் சுவர்களிற் படியவிட்டது. ஸ்ரில்பைற்று முதலிய வெண்பளிங்குகள் பல அறைகளிற் படிந்தன. மிகச் சிலவற்றில் மாத்திரம் அவற்றின்மேற் கவன்சைற்று மலர்ந்தது. கல்சியம், வனேடியம், சிலிக்கன் ஆகிய மூன்றின் பெயர்களையும் சுருக்கி இணைத்தே அதற்குப் பெயரிட்டனர். நீல நிறத்தைத் தருவது வனேடியம். இக்கனிப்பொருள் முதன்முதல் அறியப்பட்டது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில். அதனை விவரித்த ஆய்வுரை 1973ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆயினும் உலகம் வியக்கும் அழகிய மாதிரிகளைத் தந்த பெருமை வாகோலிக்கே உரியது.

முன்னரே அனுமதி பெற்றிருந்தமையால் மேற்பார்வையாளர் எம்மைக் குழியினுள் இறங்கவிட்டார். மராத்தி அறிந்த நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். அங்கே கல் உடைப்பது வீதிக்கும் வீட்டுக்குமேயன்றிப் பூவுக்காக அன்று. பாறையைப் பிளக்கும் வெடியே நீலப்பூவை வெளிப்படுத்துகிறது. அதே வெடிதான் அதனைப் பொடியாக்கியும் விடுகிறது.

முதிய தொழிலாளி ஒருவர் இரு கற்களை எம்முன் வைத்து, “இவற்றில் எது நல்லது, சொல்லுங்கள்” என்றார். வெண்பளிங்கின் நட்டநடுவே உருண்டையாக நீலம் ஒளிர்ந்த கல்லையே நாம் சுட்டினோம். அவர் நகைத்தார். உதிர்ந்த பூவைப் பசையால் ஒட்டிய கல்லாம் அது! உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கியபோது அடியிற் பசை மினுங்கியது. மற்றையதிலோ, ஊசி போன்ற நீல இழைகள் பளிங்கின் மேலிருந்தே கிளம்பி எப்புறமும் விரிந்திருந்தன. “பூவைப் பார்க்குமுன் வேரைப் பாருங்கள்” என்றார் அவர்.

நீலமானவை எல்லாம் கவன்சைற்று ஆகா. செப்புக் காபனேற்றாகிய அசுரைற்றும் நீலமே. ஆனால் அமிலத்துளி பட்டால் அது நுரைக்கும். கவன்சைற்றுடன் ஒரே கூட்டமைப்புக் கொண்ட பென்ரகனைற்று என்னும் உறவினமும் வாகோலியில் உண்டு. அதன் பளிங்குகள் ஐந்தைந்தாக இணைந்து நட்சத்திர வடிவு கொள்ளும். அது இன்னும் அரியது.

பின்னர் உடைந்த கற்குவியலில் நாமே ஒரு நீலப் புள்ளியைக் கண்டோம். கைப்பைக்கு அடங்காத கல். பொறுமையிழந்து, பூவின் அருகிலேயே சுத்தியலால் அடித்தோம். ஒரே அடி! கோடிக்கணக்கான ஆண்டுகள் குலையாதிருந்த பூ நீலத்தூளாகச் சிந்தியது. அதன் வன்மை 3 முதல் 4 வரையே என்பதை நாம் நூலிற் படித்திருந்தோம். படித்தது கைக்கு எட்டவில்லை. முதியவர் எம்மைக் கடியவில்லை. கல்லின் விளிம்பிலிருந்து சிறிது சிறிதாகத் தட்டி, பூவைச் சூழ்ந்த பாறையோடு எடுக்கும் முறையை வேறொரு கல்லிற் செய்துகாட்டினார். மாலை சாயுமுன் அம்முறையால் மிளகளவான பூ ஒன்று எமக்குக் கிடைத்தது.

அதனைப் பஞ்சிற் பொதிந்து, கிடைத்த ஊரையும் நாளையும் எழுதிய சீட்டைப் பெட்டியினுள் வைத்தோம். தாய்ப்பாறையும் ஊர்ப்பெயரும் இழந்த கல் வெறும் அலங்காரப் பொருளேயாகும். இன்று எம் மேசைமீது இரு சிமிழ்கள் இருக்கின்றன. ஒன்றில் அந்தச் சிறு பூ. மற்றையதில் நாம் சிதைத்த நீலத்தூள். பார்க்க வரும் பிள்ளைகளுக்கு நாம் முதலிற் காட்டுவது தூளைத்தான்.